வண்டி ஓட்டும்போது கவனம் சிதறாமல் இருக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூரில் தொடங்கி சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி வழியாகத் தொப்பூர் வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே போகும் லாரிகளும் தெற்கே வரும் லாரிகளும் இரவு பகலாக ஓயாமல் ஓடும் சாலை. அதே சாலையைத்தான் பால் கேன் கட்டிய மொபெட்டும், மாங்காய் ஏற்றிய டிராக்டரும், ஓசூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் மாற்றும் ஊழியர்களின் பேருந்தும் பயன்படுத்துகின்றன. இத்தனை வேக வேறுபாடுள்ள வண்டிகள் ஒன்றாகச் செல்லும் இடத்தில் ஓட்டுநரின் கவனம் சில நொடிகள் விலகினாலே போதும், பெரும் சேதம் நேர்ந்துவிடும். இது பற்றி நம் பகுதியில் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, ஓட்டுபவரைத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கவனச் சிதறல் என்றால் செல்போன் மட்டும்தானா?

இல்லை. கண் சாலையை விட்டு விலகுவது, கை ஸ்டியரிங்கை விட்டு விலகுவது, மனம் ஓட்டுவதை விட்டு விலகுவது ஆகிய மூன்றுமே கவனச் சிதறல்தான். பாட்டை மாற்றுவதற்காகத் திரையைத் தடவுவதில் கண்ணும் கையும் விலகுகின்றன. காலையில் வீட்டில் நடந்த சண்டையையே நினைத்துக்கொண்டு ஓட்டும்போது கண் சாலையில் இருந்தாலும் மனம் அங்கே இருப்பதில்லை. செல்போனில் குறுஞ்செய்தி படித்துப் பதில் எழுதும்போது இந்த மூன்றும் ஒரே நேரத்தில் விலகிவிடுகின்றன. மற்ற எல்லாவற்றையும்விடச் செல்போனைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது.

யார் அழைக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பதில் என்ன ஆகிவிடப் போகிறது?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் இது 22 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பெயரைப் படித்து, எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்து, மறுபடி கீழே வைக்க 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் செல்பவர் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலேயே கடந்திருப்பார். காரிமங்கலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே நான்குவழிச் சாலையின் இடைவெளியில் மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே வருபவருக்கும், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிக்கும் அந்த 90 மீட்டரே போதும். பார்வை திரும்பி வந்த பிறகும் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க மேலும் ஒன்றிரண்டு நொடிகள் தேவைப்படும். அதன்பின் வண்டி நிற்பதற்கு ஆகும் தூரம் தனிக் கணக்கு.

ப்ளூடூத்தில் பேசினால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது? அதுவும் தவறா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பதும் இதுதான். கை விடுபட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கனடாவின் டொராண்டோ நகரில் ரெடெல்மியர், டிப்ஷிராணி என்ற இரு ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை வேறு முடிவைக் காட்டியது. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு இருந்ததோடு, கையில் பிடிக்காமல் பேசும் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அதனால் பாதுகாப்பு கூடியதாகவும் தெரியவில்லை. பேச்சில் ஆழ்ந்திருக்கும் மூளை, கண் முன்னே தெரியும் பொருளைக்கூடப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. விபத்துக்குப் பிறகு பலரும் 'பார்த்துக்கொண்டுதான் வந்தேன், எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை' என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கண் பார்த்திருக்கும், மனம் வாங்கியிருக்காது.

பேச்சு முடிந்தவுடன் கவனம் முழுவதும் திரும்பிவிடுவதும் இல்லை. குரல் கட்டளை கொடுத்துப் போனை இயக்கிய ஓட்டுநர்களைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சில கருவிகளில் அந்தச் சிதறல் 27 நொடி வரை நீடிப்பதாக 2015-இல் தெரிவித்தது. சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் கிளம்புபவர் அடுத்த சில நூறு மீட்டர் வரை அந்தச் செய்தியோடுதான் ஓட்டுகிறார் என்பது இதன் பொருள்.

அப்படியானால் பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் கூடாதா?

பேசலாம். பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் லாரி திடீரென்று நின்றால் அவர் பேச்சை நிறுத்துகிறார், சில நேரம் 'பார்த்து, பார்த்து' என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது. நீங்கள் வளைவில் இருக்கும்போதும் அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். வாக்குவாதமாக மாறும் பேச்சு மட்டும், யாரோடு நடந்தாலும், வண்டி நின்ற பிறகு நடக்கட்டும்.

வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள். எடுக்காவிட்டால் பயந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

என் கருத்தில் இந்தச் சிக்கலின் பாதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது பேசுகிறாரே என்று ஓட்டுநரைக் கண்டிக்கும் நாம், அவரை அழைத்தவர் யார் என்று கேட்பதே இல்லை. பெங்களூருவிலிருந்து கிளம்பிய மகனைத் தாய் அழைத்து 'எங்கப்பா வந்துட்டிருக்க?' என்று கேட்கிறார். அத்திப்பள்ளி என்கிறான். அரை மணி கழித்துத் தந்தை கேட்கிறார். சூளகிரி என்கிறான். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது மனைவி அழைத்து, வரும் வழியில் தோசை மாவு வாங்கி வரச் சொல்கிறார். மூவரும் அன்பினால்தான் அழைக்கிறார்கள், மூவரும் அவன் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்றுதான் விரும்புகிறார்கள். அந்த அழைப்பு ஒவ்வொன்றும் அவனுடைய கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கிறது.

இதற்கு வீட்டில் முன்கூட்டியே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதுதான் தீர்வு. கிளம்பும்போது 'இப்போது கிளம்புகிறேன், கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தும்போது நானே கூப்பிடுகிறேன், நடுவில் எடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். சொன்னபடி அந்த இடத்தில் அழைக்கவும் வேண்டும். ஒரு முறை தவறினால் மறுமுறை வீட்டார் பொறுமையாக இருக்க மாட்டார்கள். போகும் இடத்தை அறிந்துகொள்ள விரும்பும் வீட்டாருக்கு, கிளம்புவதற்கு முன்பே போன் இருக்கும் இடத்தைக் காட்டும் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம். எட்டு மணி நேரம் வரை அது தானாகவே இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அழைப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மறுமுனையில் காற்றின் இரைச்சலோ ஹாரன் சத்தமோ கேட்டால், 'ஓட்டிட்டு இருக்கீங்களா? நிறுத்திட்டுக் கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு உடனே நீங்களே துண்டித்துவிடுங்கள். ஓட்டுபவருக்குத் தானாகத் துண்டிக்க மனம் வராது, குறிப்பாக அழைப்பவர் பெரியவராக இருந்தால். எனவே அந்தப் பொறுப்பை அழைத்தவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லாரி உரிமையாளரும் புக்கிங் ஆபீசும் அழைத்தால் எடுக்காமல் இருக்க முடியுமா?

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருக்கும் ஓட்டுநரிடம் 'எடுக்காதே' என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. மாற வேண்டியவர்கள் உரிமையாளர்கள். கிரானைட் கல் ஏற்றிய லாரியையோ, ஜல்லி ஏற்றிய டிப்பரையோ ஓட்டிச் செல்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வண்டியில் பொருத்தப்பட்ட ஜி.பி.எஸ். போதுமானது. லோடு பற்றிய தகவலை அவர் நிறுத்தும் இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். மாம்பழப் பருவத்தில் கூழ் தொழிற்சாலை வாசலில் வரிசை எவ்வளவு நீளம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுநரைக் கேட்பதால் அந்த வரிசை குறையப் போவதில்லை. கிளீனர் உடன் வரும் வண்டியாக இருந்தால், போன் கிளீனரின் கையில் இருக்கட்டும், அழைப்பும் அவருக்கே போகட்டும்.

வழி தெரியாதபோது கூகுள் மேப்பைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், சட்டமும் அனுமதிக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழி அறிவதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில் பயன்படுத்த இடம் தருகிறது. போகும் இடத்தை வண்டி நின்றிருக்கும்போதே பதிந்துவிட்டு, போனைக் கண்ணாடியின் பார்வையை மறைக்காத இடத்தில் தாங்கியில் பொருத்தி, குரல் வழிகாட்டுதலைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தைத் தவறவிட்டால் நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் போடவோ பின்னால் எடுக்கவோ வேண்டாம். கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பிரியும் இடத்தில் கடைசி நொடியில் தடம் மாறுபவர்கள் பின்னால் வரும் லாரியைப் பற்றி நினைப்பதில்லை. சில கிலோமீட்டர் கூடுதலாகச் சென்று திரும்பி வருவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

தொப்பூர் கணவாயில் ஏன் தனியாக எச்சரிக்கிறார்கள்?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும்போது கணவாயில் சாலை நெடுந்தூரம் கீழ்நோக்கி இறங்குகிறது, இறங்கிக்கொண்டே வளையவும் செய்கிறது. பாரம் ஏற்றிய லாரியை இந்தச் சரிவில் கியரில் வைத்து இறக்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கினால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே கனரக வாகனம் முன்னால் இருந்த வாகனங்கள்மீது மோதி, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நொறுங்கி உயிர்கள் பலியானது பலருக்கும் நினைவிருக்கும்.

கவனச் சிதறலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இதுதான்: சமதளத்தில் செய்யும் தவறைத் திருத்திக்கொள்ளச் சில நேரம் அவகாசம் கிடைக்கும், இந்தச் சரிவில் அது கிடைக்காது. கார் ஓட்டுபவர் தன் பிரேக் நன்றாக இருப்பதை மட்டும் நம்பினால் போதாது. பின்னால் வரும் லாரியால் நிற்க முடியுமா என்பதைப் பின்பக்கக் கண்ணாடியில் தொடர்ந்து பார்த்தபடி இறங்க வேண்டும். ஆகவே பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதே போனை ஒலி இல்லாமல் வைத்து, பாட்டைக் குறைத்து, சாப்பிடும் பொருளை எடுத்து வைத்துவிடுங்கள். இரட்டைப் பாலத்தைக் கடந்து சரிவு முழுவதும் முடியும் வரை வேறு எதற்கும் இடம் தர வேண்டாம். கணவாய்க் காட்சியைப் படம் எடுக்க இறங்கு தடத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்துபவர்கள் தங்களுக்கும் பிறருக்கும் ஆபத்தைத் தேடித் தருகிறார்கள்.

ஒகேனக்கல், அஞ்செட்டி போன்ற மலைச் சாலைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுச் சாலையில் குரங்குகள் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சுற்றுலா வருபவர்கள் ஜன்னல் வழியே பிஸ்கட்டும் பழமும் எறிவதால் அவை வண்டியைக் கண்டதும் சாலைக்கு நடுவே ஓடி வருகின்றன. காரில் இருக்கும் குழந்தைகள் கத்த, ஓட்டுபவரும் திரும்பிப் பார்க்க, எதிர் வளைவில் பேருந்து வருகிறது. உணவு எறியாமல் இருந்தாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆடிப்பெருக்கு நாட்களில் இந்தச் சாலையின் நெரிசல் பல மடங்கு கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, இராயக்கோட்டை, சானமாவு பகுதிகளில் யானைகள் சாலையைக் கடக்கின்றன. ராகி அறுவடைக் காலத்தில் கூட்டமாகவே வரும். யானையைக் கண்டதும் போனை எடுத்துப் படம் பிடித்தபடியே வண்டியை மெதுவாக நகர்த்துவது மிகவும் ஆபத்தானது. தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சாமல், கூட்டம் முழுவதும் கடக்கும் வரை காத்திருங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று கிளம்பினால் குட்டியோடு இன்னொன்று பின்னால் வந்துகொண்டிருக்கக்கூடும்.

இருசக்கர வண்டியில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறார்கள். இதில் என்ன கெடுதல்?

கழுத்தைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிப் பேசுவதற்கு மாற்றாக வந்த பழக்கம் இது. ஆனால் பேச்சினால் வரும் சிதறல் அப்படியேதான் இருக்கிறது. அதோடு, காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு கெட்டியான பொருள் இருப்பதால் ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்துவதில்லை, போன் நழுவும்போது கை தானாகவே ஹேண்டில்பாரை விட்டுவிடுகிறது. பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் அந்தக் காதில் விழாது. இரண்டு காதிலும் இயர்போன் போட்டுக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் செல்லும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். காரில் சிறு உரசலாக முடியும் தவறு, இருசக்கர வண்டியில் கீழே விழுவதாக முடிகிறது.

உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள் ஆர்டர் வந்த ஒலி கேட்டவுடன் திரையைப் பார்க்க வேண்டிய நெருக்கடியில் இருப்பது உண்மைதான். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, வீட்டுக்கு வழியைக் கேட்டு அவர்கள் அழைக்கும் முன்பே செயலியில் அடையாளத்தோடு முகவரியை எழுதி வைப்பது.

ஓட்டிக்கொண்டே சாப்பிடலாமா, தண்ணீர் குடிக்கலாமா?

வேண்டாம். நம் சாலைகளில் ஹோட்டலுக்கும் டீக்கடைக்கும் குறைவே இல்லை. பத்து நிமிடம் நிறுத்தினால் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கும்.

குழந்தைகள் பின்னால் அழுதால் எப்படிக் கவனிப்பது?

திரும்பிப் பார்க்காமல், முதலில் நிறுத்த ஏற்ற இடத்தைத் தேடுங்கள். பெரியவர் ஒருவர் குழந்தையோடு பின் இருக்கையில் அமர்வது நல்லது. கைக்குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வதும், ஓட்டுபவரே மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவதும் ஆசைக்காகச் செய்யப்படும் பெரும் தவறுகள்.

பேச வேண்டியே இருந்தால் எங்கே நிறுத்துவது?

நெடுஞ்சாலையின் ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. இருட்டில் பார்க்கிங் லைட் இல்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம் மோதி உயிரிழப்பவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். பெட்ரோல் பங்க், உணவகத்தின் உட்புற வாசல், லாரிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம், சுங்கச்சாவடியைத் தாண்டியுள்ள அகலமான ஓரம் ஆகியவை ஏற்றவை. வேறு வழியே இல்லாமல் ஓரத்தில் நின்றால், நான்கு இன்டிகேட்டரையும் எரியவிட்டு, வண்டிக்குள் இருக்காமல் தடுப்புக்கு அப்பால் நின்று பேசுங்கள்.

பிடிபட்டால் என்ன தண்டனை?

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாகவே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இந்தக் குற்றத்துக்காக ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்குமாறு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. உரிமத்தையே நம்பிப் பிழைக்கும் ஓட்டுநருக்கு அந்த 3 மாதம் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு.

பேருந்து ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டு ஓட்டினால் பயணி என்ன செய்யலாம்?

ஓடும் பேருந்தில் ஓட்டுநரோடு சண்டை போடுவது இன்னொரு கவனச் சிதறலாகிவிடும். நடத்துநரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: 'அண்ணா, டிரைவர் அண்ணாவைப் போனை வைக்கச் சொல்லுங்க, பயமா இருக்கு.' ஒருவர் சொன்னால் மற்ற பயணிகளும் சேர்ந்துகொள்வார்கள். அப்படியும் கேட்காவிட்டால் பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இறங்கிய பிறகு போக்குவரத்துக் கழகத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ புகார் அளியுங்கள்.

விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது எல்லோரும் மெதுவாகச் சென்று பார்க்கிறார்கள். நாமும் நிற்க வேண்டுமா?

உதவி செய்யும் எண்ணம் இருந்தால் நிற்கலாம், வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ நிற்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரு மோதலைப் பார்த்து வேகத்தைத் திடீரெனக் குறைக்கும் வண்டிகளால் பின்னால் இன்னொரு மோதல் நேர்கிறது, எதிர்த்தடத்தில் செல்பவர்களும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி முன்னால் செல்லும் வண்டியில் இடிக்கிறார்கள். நிறுத்துவதானால் விபத்து நடந்த இடத்தைத் தாண்டி, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரைத் தூரத்தில் நிற்க வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஓட்டுபவர் வண்டியை நகர்த்திக்கொண்டே அழைக்காமல், உடன் இருப்பவர் அழைக்கட்டும். அருகில் தெரியும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் அவர்கள் விரைவில் வந்து சேர முடியும். காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சித் தயங்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தம் பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு அவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது.